ஏழாவது ஆள்

ஓய்வு பெற்ற பிறகும் மகிழ்ச்சியாக வேலை பார்ப்பது எப்படி என்று உங்கள் சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மூவரில் இருவருடைய தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே எண்ணிவிட்டேன். மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் நீங்கள். தலை எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் நான் எழுதி என்ன ஆகப்போகிறது? கூடவே சிரித்த முகமாக ஒரு போட்டோவும் கேட்டீர்கள். போட்டோ தருகிறேன். சிரிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பின்னால் வேலை பார்த்த காலம்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம். இது உண்மை. இனி நான் எழுதப்போவது அவ்வளவும் குறையாகவே இருக்கும். அதுவும் உண்மை.

வழியனுப்பு விழாவில் எனக்குப் பதினொரு சால்வை போர்த்தினார்கள். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே நிறம். ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். வேலை முடிந்து போகிற ஆளுக்கு மணி பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். கூடத்துத் தரையில் எத்தனை கல், அதில் விரிசல் விட்டது எத்தனை என்று எண்ணினேன். மொட்டை மாடியில் ஏறி, அங்கிருந்து தெரிகிற கம்பங்களை எண்ணினேன். அதில் ஒன்று சாய்ந்திருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதற்கும் மறுநாள் என் மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

“இன்னாங்க இது? வூட்டுல நிம்மதியா ஒரு டம்ளர் கழுவ முடியல. எத்தினி டம்ளர்னு கேக்கறீங்க. எங்கியாவது போய்ட்டு வாங்க, புண்ணியமா போவும்.”

என் மகன் அப்படிச் சொல்லவில்லை. “சும்மா இருங்கப்பா” என்பான். அன்பாகத்தான் சொல்வான். ஒரு மனிதனை உயிரோடு இருக்கும்போதே ஓரமாக எடுத்து வைப்பதற்கு இதைவிட மரியாதையான சொல் நம்மிடம் இல்லை.

அந்த நிலையில்தான் ஓர் ஒப்பந்தக்காரர் கூப்பிட்டார். கல்வராயன் மலையில் மின்பாதை வேலைகளை எடுத்துச் செய்கிறவர். அவரிடம் இருந்த ஆட்களுக்குக் கைத்திறமை இருந்தது, மலை தெரியாது. எந்த வளைவில் மரம் சாயும், எந்த ஓடையில் மழைக்காலத்தில் வண்டி நிற்கும், எந்த ஊருக்கு எந்தக் கிளையிலிருந்து லைன் போகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஃபோர்மேனாக இருந்தவன் நான். அவர் எனக்கு எழுதிய பதவி ‘ஸ்டோர் உதவியாளர்’. சரி என்றேன். காலையில் கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் வண்டி வரும், ஏறிக்கொள்வேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறும்போது எனக்கு இடுப்பு வலிக்காது. இறங்கும்போது வலிக்கும்.

என்ன சந்தோஷம் என்று கேட்டால் சொல்கிறேன். கையெழுத்து இல்லை. கூட்டம் இல்லை. மாறுதல் வருமோ என்ற பயம் இல்லை. ‘முடியாது’ என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணியில் இருந்தபோது மேலே கேட்டார்கள் என்பதற்காக எண்ணினேன். இப்போது எனக்குப் பிடித்தது என்பதற்காக எண்ணினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு இப்போது புரியாது. புரிகிற வயதில் உங்களை யாரும் கூப்பிடாமல் போகலாம்.

இனி கண்ணுசாமியைப் பற்றி. அவர் லைன்மேன், எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இருந்த கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் மகன் கட்டிய வீட்டில் இருந்தார். நான் மலைக்குப் போவது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. ஒருநாள் காலை சந்திப்பில் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா போர்மேன், மலைக்குத் தனியா போய்க்கினு இருக்கியாமே?”

“வேலைக்குப் போறேன்யா.”

“நானும் அதுக்குத்தான் வரேன்.”

“உன்ன யாரு கூப்ட்டாங்க?”

“உன்ன மட்டும் கூப்ட்டாங்க இல்ல? அதான் வரேன்.”

நான் பணியில் இருந்தவரை என்னை ‘சார்’ என்றுதான் அழைப்பார். நான் ஓய்வு பெற்ற அன்று மாலையே அதை எடுத்துவிட்டார். “இனிமே நீயும் நானும் ஒரே ஃபீடர், ஒரே லைன்” என்றார். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பையில் கயிறு இருந்தது. சொந்தக் கயிறு. ஒப்பந்தக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அன்று மூன்று கம்பம் ஏறிக் காட்டினார் கண்ணுசாமி. வாலிபர்கள் ஒருமுறை மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் மேலே போய் வேலையைத் தொடங்கியிருப்பார். ஒப்பந்தக்காரர் என்னைத் தனியே அழைத்தார்.

“வரட்டும் ஐயா. கை வேலை சுத்தமா இருக்குது. ஆனா பேர் மட்டும் வேணாம். அறுவது தாண்டின ஆள கம்பம் ஏற எழுதுனா நூறு கேள்வி கேப்பாங்க.”

பேர் எழுதவில்லை. கண்ணுசாமி அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. கூலியைக்கூட அவர் பேசவில்லை. மதியச் சோற்றுக்கும் வெற்றிலைக்கும் வந்தவர் போல வந்தார். வேலை முடிந்ததும் உடனே இறங்கமாட்டார். கம்பத்து உச்சியில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, கீழே சமவெளியில் வயல்கள் மங்கலாகத் தெரிகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கீழிருந்து கத்துவேன்.

“மேல இன்னா பண்ற?”

“வெயில் காயறேன்.”

“எறங்கு.”

“கீழ இன்னா இருக்குது?”

ஒருநாள் சாப்பிடும்போது அவரே சொன்னார். “என் புள்ள வூட்டுல ஒரு ஃப்யூஸ் போடக்கூட வுட மாட்டேன்றான் போர்மேன். எலக்ட்ரீஷியன கூப்புடறான். என் வூட்டுக்கு! அவன் வந்து என் எதிர்லயே தப்பா போடறான். நான் பாத்துக்கினு நிக்கணும்.” சுற்றியிருந்த எங்கள் கேங் ஆட்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஜன்னல் கம்பிகள் நினைவுக்கு வந்தன.

இனி வேலைக்கு வருகிறேன். நீங்கள் அறிந்ததுதான் என்றாலும் மலரை உங்கள் வீட்டிலும் படிப்பார்கள், அதனால் ஒரு வரி. லைனில் ஏறும் முன் துணை மின்நிலையத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி ‘எல்.சி.’, அதாவது லைன் கிளியர் அனுமதி, வாங்குகிறோம். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு ‘எல்.சி.’யைத் திருப்பிக் கொடுக்கிறோம். கொடுத்த அடுத்த நிமிடம் கம்பியில் மின்சாரம் வரும். இடையில் இருக்கும் ஒரே காவல், எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொல்லும் சொல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை மணலூர்பேட்டைப் பக்கம் ஆற்றில் வெள்ளம் வந்து கம்பங்கள் சாய்ந்தன. வேலை முடிந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தித் தலையை எண்ணாமல் பெயர் சொல்லி அழைத்தார். ஒருவன் ஒதுங்கப் போயிருந்தான். பக்கத்தில் இருந்தவன், “அவன் எறங்கிட்டான் சார், நான் பாத்தேன்” என்றான். ஃபோர்மேன் கையில் இருந்த டீயை அவன் காலடியில் ஊற்றினார். “அவன் வாய் எங்கடா போச்சு?” என்றார். ஒதுங்கப் போனவன் திரும்பி வந்து, தன் வாயால் தன் பெயரைச் சொல்லும்வரை நனைந்தபடி நின்றோம். ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லக் கூடாது. நான் ஃபோர்மேன் ஆனபின் ஒருநாளும் இதை மீறியதில்லை. இதை மீறாமல் இருந்தால் போதும் என்றும் நம்பியிருந்தேன்.

போதாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் மலையில் பேய்மழை. மரங்கள் விழுந்து பல இடங்களில் லைன் அறுந்தது. மேலே ஏழெட்டு ஊர்கள் இருட்டில். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பெண்கள் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். பகுதி பகுதியாகச் சரிசெய்துகொண்டு போனோம். மூன்றாம் நாள் பிற்பகலில் மலைப்பாதையில் ஒரு கூட்டுச்சாலைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே சனங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பேருந்து, மரவள்ளி ஏற்றிய லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் நின்றன. வரிசையில் பதினான்கு வண்டிகள் வரை எண்ணினேன், அதற்கு மேல் வளைவில் மறைந்துவிட்டது.

“மூணு நாளா கம்பத்த சுத்திக்கினே இருக்கீங்களே, சாமி கும்புடறீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கற்பூரம் தரட்டா?” என்றான் இன்னொருவன்.

உதவிப் பொறியாளர் ஓர் இளம்பெண். நாங்கள் ‘ஏ.இ. அம்மா’ என்போம். முதல் பணியிடமே மலை. விடியற்காலையிலிருந்து எங்களோடு நின்றார், செருப்பு வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தார். போன் ஓயவில்லை. கீழேயிருந்து, அதற்கும் மேலேயிருந்து, பத்திரிகையிலிருந்து என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். “இன்னும் பத்து நிமிஷம் சார், பத்து நிமிஷம் சார்” என்று சொல்லிச் சொல்லி அவர் குரல் கம்மிவிட்டது. அவரைக் குறை சொல்லி இதை நான் எழுதவில்லை. எந்த வேலையையும் அவர் தவிர்க்கவில்லை.

பிரதான லைன் முடிந்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஆறு பெயரை அழைத்தார். ஆறு பேரும் தங்கள் வாயால் பதில் சொன்னார்கள். என் பழைய ஃபோர்மேன் அங்கே இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். காவலுக்காக லைனைப் பூமியோடு இணைத்திருந்த கம்பிகளையும் எடுத்தாகிவிட்டது. ஏ.இ. அம்மா துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டார்.

“ஆள் எல்லாம் இறங்கியாச்சு. எல்.சி. ரிட்டர்ன் பண்றேன். எழுதிக்குங்க.”

நான் வண்டிக்குப் பக்கத்தில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணுசாமி எங்கே என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் இல்லை. வண்டியில் இல்லை. டீ வாங்கிக் குடிக்கிற கும்பலில் இல்லை.

மத்தியானம் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் கூட்டுச்சாலையிலிருந்து வளைவைத் தாண்டி ஒரு சிற்றூருக்குக் கிளை லைன் போகிறது. பிரதான லைனில் மின்சாரம் வந்தால் அதிலும் வரும். அதில் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, கட்டு தளர்ந்திருக்கிறது என்றார். “நாளைக்குப் பாக்கலாம்” என்றேன். “நாளைக்கு நாளைக்குன்னா அது இன்னிக்கே வுழும்” என்றார். அதற்குள் என்னை ஏ.இ. அம்மா கீழ் வளைவுக்கு அழைத்தார், போய்விட்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கணத்தில் என் நாக்கின் நுனிக்கு வந்தது உண்மை அல்ல. ஒரு சாக்கு. ‘அம்மா, ஒரு கட்டு சரியாக இல்லை, ஐந்து நிமிடம் பொறுங்கள்’ என்று சொல்லலாம். அதற்குள் ஓடிப்போய்க் கண்ணுசாமியை இறக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. அவருக்கும் வேலை இருக்கும், எனக்கும் இருக்கும். ‘மேலே ஆள் இருக்கிறது’ என்று சொன்னால் எந்த ஆள் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்றவர், பட்டியலில் இல்லாதவர், என்னோடு வந்தவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதோடு மலை முடிந்தது.

சாக்கைச் சொல்ல வாயைத் திறந்தேன். கூடவே அதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரிந்துவிட்டது. ‘நான் பாத்துட்டேன் ஐயா, எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்பார் மேற்பார்வையாளர். ஏ.இ. அம்மா அவரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சாலையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்ப்பார். அந்த நேரம் போதும், அங்கே துணை மின்நிலையத்தில் கைப்பிடியை ஏற்றிவிட. சாக்குக்கு யாரும் பதில் சொல்லலாம். கம்பத்தில் ஆள் என்றால் பதில் கிடையாது, நிறுத்தத்தான் வேண்டும்.

“மேல ஆள் இருக்கு! போடாதீங்க! மேல ஆள் இருக்கு!”

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. சாலையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஏ.இ. அம்மா போனில் “நிறுத்துங்க, சார்ஜ் பண்ணாதீங்க, பண்ணாதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்பீக்கரில் மறுமுனையின் குரல் கேட்டது. “பண்ணலைங்க மேடம். கை வெச்சிட்டேன். பண்ணல. பண்ணலைங்க.” அந்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மேற்பார்வையாளருக்குக் கோபம். “யாரு ஐயா மேல? ஆறு பேரும் இங்கதான நிக்கறாங்க!”

“ஏழாவது ஆள்.”

“ஏழாவது ஆளா?” என்றார் ஏ.இ. அம்மா. “இந்த கேங்குல ஏது ஏழு?”

நான் ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை. மரவள்ளிக் கொல்லையின் குறுக்கே இறங்கி, ஈர மண்ணில் இரண்டு முறை விழுந்து எழுந்து, கடுக்காய் மரங்களைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கம்பம் கண்ணில் பட்டது. உச்சியில் கண்ணுசாமி. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கட்டுக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை.

“எறங்குயா!”

“இரு, இன்னும் ஒரு சுத்து.”

“எல்.சி. குடுத்தாச்சுயா!”

அவர் கை நின்றது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு இறங்கினார். அவர் அவ்வளவு மெதுவாக இறங்கி நான் பார்த்ததில்லை. தரையில் கால் வைத்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“என் பேர கூப்புடவே இல்லியே.”

பின்னால் வந்து சேர்ந்த மேற்பார்வையாளர்தான் பதில் சொன்னார். “லிஸ்ட்ல இருந்தாத்தான தாத்தா கூப்புடுவாங்க?”

ஏ.இ. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கண்ணுசாமியின் நரைத்த தலையைப் பார்த்தார். அந்தக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு வயசு என்னங்க ஐயா?”

“கம்பத்துல ஏறச் சொல்லிப் பாத்துட்டு கேளுங்கம்மா.”

அந்த அம்மாவால் அதற்குச் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னிடம், “நீங்க கத்தலைன்னா…” என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார். பிறகு, “இத நான் எழுதாம இருக்க முடியாதுங்க ஐயா” என்றார்.

“எழுதுங்கம்மா” என்றேன்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன். அதனால் அப்படிச் சொன்னேன். கண்ணுசாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுபடி பெயர் அழைத்தோம். இம்முறை ஏழு பெயர். ஏழும் பதில் சொல்லின. லைனில் மின்சாரம் வந்தது. மேலே ஊர்களில் விளக்கு எரிந்தது. சனங்கள் கைதட்டிவிட்டுச் சாலையிலிருந்து எழுந்து போனார்கள். கற்பூரம் தரட்டுமா என்று கேட்டவன், “அடுத்த மழைக்கும் வாங்க” என்று கத்தினான்.

வண்டியில் இறங்கி வரும்போது கண்ணுசாமி பின் இருக்கையில் இருந்தார். கோமுகி அணை தாண்டியதும் பேசினார்.

“கத்துனது சரி. அத தப்புன்னு சொல்லல.”

“அப்புறம்?”

“யாருன்னு கேட்டாங்க இல்ல, யாரோ ஊர்க்காரன், வேடிக்க பாக்க வந்தான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

“வேடிக்க பாக்க வந்தவன் கயிறு கட்டிக்கினு கம்பத்து மேல இருப்பானாய்யா?”

“சொல்லிப் பாத்திருக்கலாம் இல்ல?”

“நம்பமாட்டாங்கய்யா.”

“நீ சொல்லவே இல்லியே. எழுதுங்கம்மான்ற. எவ்ளோ மரியாதையா எழுதச் சொல்ற!”

ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பட்டியலில் இல்லாத எவரும் பணியிடத்தில் நிற்கக் கூடாது. அறுபது கடந்தவர் எவரும் கம்பம் ஏறக் கூடாது. சரியான உத்தரவு. நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல் மாற்றியிருக்க மாட்டேன். எனக்கும் மலை முடிந்தது என்று நினைத்துக் கைப்பையை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்தார்.

“நீங்க வேணும் ஐயா. எண்ணறதுக்கு ஒரு ஆள் வேணும். ஏ.இ. அம்மாவே கேட்டாங்க. கீழதான நிக்கப்போறீங்க, உங்களுக்குப் பிரச்சினை இல்ல. எண்ணற ஆள்னு பேர் முறையா எழுதிடறேன்.”

“கண்ணுசாமியும் கீழ நிக்கட்டும். அவர் பேரையும் எழுது.”

“எழுதறேன் ஐயா. அவரு நிப்பாரா?”

கேட்டுப் பார்க்கப் போனேன். அவர் மகன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும்னா அதுக்கு மலைக்கு எதுக்குப் போவணும்? இங்கியே பாத்துக்கினு இருக்கேன்” என்றார். அவர் மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். “மாமாவ மறுபடியும் கூப்புடாதீங்க பெரியப்பா. அன்னிலேந்து அவரு புள்ளகிட்டகூட பேசறது இல்ல” என்று மெதுவாகச் சொன்னாள். நான் டீயைக் குடித்துவிட்டுப் படியிறங்கினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நானும் வேலையை விட்டிருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் ஓர் இரவு முழுக்க நினைத்தேன். விடவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் நீங்கள் கேட்ட சந்தோஷம். அதற்கு மரியாதையான முகம் இருக்கும் என்று நினைத்து வந்தீர்கள். இல்லை. வேலை இல்லாத ஒருவன் எதிரில் வேலை இருக்கிற ஒருவன் வண்டி ஏறுவதுதான் அது. நாங்கள் இருவரும் அதற்கு ஆசைப்பட்டோம். ஒருவருக்குத்தான் கிடைத்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அழைப்பதை விடாதீர்கள். ஆனால் பட்டியலை மூடிய பிறகு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கம்பி இழுக்கக் கைகொடுத்த கொல்லைக்காரர், கயிறு பிடித்த டீக்கடைக்காரர், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்த கிழவன், இவர்கள் யாருடைய பெயரும் உங்கள் தாளில் இருக்காது. கம்பிக்குப் பட்டியல் தெரியாது. தொண்டையில் சாக்கு வந்து நின்றால் அதை விழுங்கிவிட்டு உண்மையைக் கத்துங்கள். அதன்பிறகு உங்களோடு பேசாமல் போகிறவர் இருப்பார். உயிரோடு இருந்து பேசாமல் போவார். அவ்வளவுதான் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

போன மாதம் மலையில் மறுபடி மழை. காலையில் சந்திப்பில் வண்டிக்காக நின்றேன். டீக்கடை பெஞ்சில் கண்ணுசாமி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அங்கே வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை. வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள்.

“தாத்தா, மலையில நாலு கம்பம் சாஞ்சிடுச்சாம்!”

“உங்க மேல சாயாம பாத்துக்குங்கடா” என்றார் அவர், திரும்பாமலே.

சிரிப்பு எழுந்தது. பின் இருக்கையில் ஒருவன் பழக்கத்தில் நகர்ந்து இடம் விட்டான். விட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், மறுபடி நகர்வதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தான். கண்ணுசாமி அப்போதுதான் திரும்பினார். அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“எண்ணிக்கோ போர்மேன். ஒரு ஆளு கம்மி.”

வண்டி கிளம்பியதும் எண்ணினேன். ஆறு பேர். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.